விளக்கைச் சுற்றி வட்டம்

எதிரே வரும் வண்டியின் முகத்தைப் பார்த்தே அதன் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவேன். ஒற்றை விளக்கு எரிந்தால் ஆள் சோம்பேறி. பக்கக் கண்ணாடியை ராஃபியா கயிறு போட்டுக் கட்டியிருந்தால் கஞ்சன். முன்கண்ணாடியில் விரிசல் ஓடி, அதன்மேல் செலோடேப்பும் ஒட்டியிருந்தால், எல்லாவற்றையும் சாமி பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர். இந்த மூன்றாவது ஆளுக்குத்தான் நான் வளைவில் நன்றாக ஒதுங்கி வழிவிடுவேன்.

மலேசியாவின் கேமரன் மலையில் பள்ளி வேன் ஓட்டுகிறவள் நான். தேயிலைத் தோட்டத்து லயங்களில், வரிசை வீடுகளின் வாசலில், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, தோட்டத்து ஒற்றைப் பாதையில் வளைந்து வளைந்து மேலேறி, பெரிய ரோட்டைப் பிடித்து, தானா ராத்தாவில் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவேன். மத்தியானம் அதே பாதையில் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பேன். பொம்பளை கையில் பிள்ளைகளைக் கொடுப்பதா என்று ஆரம்பத்தில் முகம் சுளித்தவர்களின் பேரப்பிள்ளைகள்கூட இப்போது என் வேனில்தான் வருகிறார்கள். நான் நன்றாக ஓட்டுவேன். அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்றால் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வாயும் சும்மா இருக்காது. திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வரும் லோரிக்காரர் ஒருவர் முன்கண்ணாடியின் உள்பக்கம் நீளத்துக்குப் பொம்மைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். பெட்ரோல் பங்கில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "பொம்மைங்களுக்கு ரோடு நல்லாத் தெரியுது. உங்களுக்குத் தெரியுதா?" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் மறுவாரம் பார்த்தபோது ஒரு பொம்மைதான் மிச்சம் இருந்தது.

என் வேனில் இந்தக் கதையெல்லாம் கிடையாது. வைப்பர் ரப்பர் கிழிவதற்கு முன்பே மாற்றிவிடுவேன். விளக்கு மஞ்சளித்தால் தேய்த்து மெருகேற்றி வாங்குவேன். தினமும் வாளியில் தண்ணீர் எடுத்துக் கண்ணாடியை வெளிப்பக்கம் கழுவாமல் வண்டியைக் கிளப்பியதில்லை. உள்ளே பனி பூத்தால் துடைக்க ஈரத்துண்டு ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பேன்.

மற்றதையெல்லாம் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். அவரும் ஓட்டுநர்தான். தோட்டத்துக் கொழுந்து லோரியை ஓட்டி ஃபேக்டரிக்குக் கொண்டுபோனவர். கண்ணில் அழுத்தம் கூடி, ஓரத்திலிருந்து பார்வை தேய்ந்து தேய்ந்து, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் அவருக்கு மிச்சம். லோரிச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்த அன்று நேராகப் போய் என் வேனில் உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு என் வேன்தான் அவருக்கும் வண்டி. டயரைத் தட்டிப் பார்த்தே காற்று எவ்வளவு இருக்கிறது என்று சொல்வார். இன்ஜின் சத்தம் கேட்டு எண்ணெய் மாற்றச் சொல்வார்.

அப்புறம் சாம்பிராணி. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வேனுக்குள் சாம்பிராணி காட்டுவார். போன மழைக்காலத்தில் பெரிய ரோட்டில் மண் சரிந்தது. நான் கடந்து போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சரிந்தது என்று கேள்விப்பட்டதிலிருந்து அது தினப்படி ஆகிவிட்டது. நான் எழுவதற்கு முன்பே எழுந்து, பழைய பால்மாவு டின்னில் கரி மூட்டி, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, வேனுக்குள் ஏறிக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு, சீட்டுக்குச் சீட்டு காட்டுவார். "ஜன்னலத் தொறந்து வச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "பொக நிக்கணும் புள்ள. வெளிய போயிட்டா என்ன பிரயோசனம்?" என்றார். பிள்ளைகள் வகுப்புக்குள் நுழையும்போதே மணக்கும். ஆசிரியர்கள் என் வண்டிக்குக் கோயில் வேன் என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

இந்த வருஷம் பள்ளி திறந்து கொஞ்ச நாளில் எனக்கு ரோடு மங்க ஆரம்பித்தது. பகலில் ஒன்றுமில்லை. விடிந்தும் விடியாமலும் இருக்கும் நேரத்தில், பனிக்குள்ளிருந்து எதிர்வண்டி வரும்போது மட்டும், அதன் விளக்கு அப்படியே பூத்து விரியும். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு வட்டம். ஈரத்துண்டால் துடைத்தால் இன்னும் மோசம். பனி கூடிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த மலையில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பனியைத் தெரியாதா? தெரியும். இது பனி இல்லை என்பதும் தெரியும்.

ஒருநாள் காலையில், தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் சேரும் வளைவில், சுற்றுலாக்காரர் ஒருவர் ஹைபீம் போட்டுக்கொண்டு வந்தார். என் கண்ணாடி முழுதும் பால் ஊற்றியது போல் ஆகிவிட்டது. ரோடு இல்லை, ஓரம் இல்லை, ஒன்றுமே இல்லை. பிரேக்கை மிதித்தேன். பின்னால் புத்தகப் பைகள் சரிந்து விழுந்தன. ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. யாருக்கும் அடிபடவில்லை. அதற்குமேல் அந்தக் கண்ணாடியை நம்பத் துணிவில்லாமல், ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டு வெளிச்சம் வரும்வரை மெதுவாக ஓட்டினேன்.

அன்றைக்குப் பார்த்து ஓர் அம்மா, கிளினிக்குக்குப் போவதற்காக என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை செய்கிறவர். பெற்றோர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி மாதிரி. மத்தியானத்துக்குள் லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது. வேன் ஆன்ட்டிக்குக் கண்ணு தெரியல.

வீட்டில் அதற்கு முன்பே தெரிந்துவிட்டது, நானே சொன்னேன். என் வீட்டுக்காரர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "வெளக்கச் சுத்தி வட்டம் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது."

"வெள்ளையாவா?"

"ஆமா."

"எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சிச்சு" என்றார் அவர். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. என்ன மாதிரி சும்மா இருந்துறாத. கண் கெட்ட பின்னால சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன பிரயோசனம்?"

எனக்குக் கோபம் வந்தது. "என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க. வண்டியிலதான் ஏதோ கோளாறு" என்று கத்தினேன். கத்தியதற்குக் காரணம் பயம். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கும் கண் போனால் யார் யாரைக் கைபிடித்துக் கூட்டிப்போவது? ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவினேன்.

முதலில் வண்டியைத்தான் ரிங்லெட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் போர்மேன், அதாவது வண்டி பழுது பார்க்கிறவர், நல்ல கைகாரர். வைப்பர் ரப்பர் புதுசு போட்டார். முன்விளக்கைக் கழற்றித் தேய்த்தார். கண்ணாடிக்குக் காற்றடிக்கும் புளோவரைப் பிரித்துத் தூசி தட்டினார். பட்டப்பகலில் பட்டறைக்குள் நிறுத்தி, கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கச் சொன்னார். எதிரே மாட்டியிருந்த நாட்காட்டியில் சின்ன எழுத்துக்கூடத் தெரிந்தது. "காடி நல்லாத்தான் இருக்குக்கா. நீங்க எதுக்கும் கண்ணச் செக் பண்ணுங்க லா" என்றார்.

மறுநாள் இருட்டுப் பிரியும் நேரத்தில் அதே வட்டம்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் மலாய் டாக்டர். சொட்டு மருந்து விட்டார், தாடையை வைக்கச் சொன்னார், உள்ளே எட்டிப் பார்த்தார், அழுத்தமும் பார்த்தார். வயசுக்கு ஏற்ற கண், படிக்க மட்டும் கண்ணாடி போட்டால் போதும் என்றார். நான் மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "எனக்கும் முதத் தடவ ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னாங்க" என்றார். மிதந்தவள் தரைக்கு வந்தேன்.

வண்டியில் குறை இல்லை என்கிறார் ஒருவர். கண்ணில் குறை இல்லை என்கிறார் இன்னொருவர். அப்படியானால் எதிரே இருக்கும் வட்டத்தை யார் வரைகிறார்கள்?

அந்த வாரமே தலைவியம்மா வீட்டுக்கு வந்தார். உட்கார மாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பிள்ளைங்க விசயம். இந்த வாரம் மட்டும் ஓட்டுங்க. திங்கக்கெழமையில இருந்து ரிங்லெட் வேன்காரர்கிட்ட பேசியிருக்கோம்."

"வண்டியில கோளாறும்மா. கண்டுபிடிச்சிருவேன்."

கூட வந்த இன்னோர் அம்மா முணுமுணுத்தார், எனக்குக் கேட்கும்படியாகவே. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

வேறு நாளாக இருந்தால் அந்த அம்மாவை அங்கேயே உட்காரவைத்துப் பேசியிருப்பேன். பிள்ளைகளைப் பெற்றவர்கள் பயப்படுவது நியாயம். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். மீதி இருந்த நாட்களில் கிழக்கு நன்றாக வெளுத்த பிறகே வண்டியை எடுத்தேன். பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாகவே போய்ச் சேர்ந்தார்கள். ஓட்டினால் நேரத்துக்கு ஓட்ட வேண்டும், இப்படி எத்தனை நாள் ஒப்பேற்ற முடியும்?

வெள்ளிக்கிழமை ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தபோதுதான் உறைத்தது. கண்ணையும் வண்டியையும் சேர்த்தே சோதித்துக்கொண்டிருக்கிறேன். பிரித்தால்தானே தெரியும்? அதே நேரம், அதே பனி, அதே கண். வண்டி மட்டும் வேறு.

பக்கத்து லயத்தில் ஒரு தம்பி இருக்கிறார். தோட்டத்து எல்லையில் கொஞ்சம் நிலம் பிடித்துத் தக்காளியும் பூவும் போடுகிறவர். அவர் மகள் என் வேனில்தான் வருகிறாள். சனிக்கிழமை விடிவதற்கு முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "தம்பி, உங்க பிக்கப்ப ஒரு நடை ஓட்டிட்டு வரவா?" என்றேன். அந்த பிக்கப்பைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. கண்ணாடியின் மூலையில் கல்லடி பட்ட நட்சத்திரம், ஒரு பக்கம் வைப்பரே இல்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதையா? நீங்களா?" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பாதி துணைக்கு, பாதி பயத்துக்கு.

தோட்டத்துப் பாதையில் மேலேறினேன். பனி நன்றாக இறங்கியிருந்தது. பெரிய ரோட்டு வளைவில் நிறுத்திக் காத்திருந்தேன். ஒரு காய்கறி லோரி இறங்கி வந்தது. இரண்டு விளக்கு. பனிக்குள் லேசாக மங்கிய, ஆனால் ஒழுங்கான இரண்டு விளக்கு. வட்டமும் இல்லை, பாலும் இல்லை. அடுத்து ஒரு கார். அடுத்து ஒரு பஸ், அதன் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைக்கூடப் படித்தேன்.

"தெரியுது தம்பி" என்றேன். "எல்லாம் தெரியுது." பாவம், அவர் டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்து, "பிக்கப் நல்ல வண்டிதான்கா" என்றார்.

திரும்பி வந்ததும் நேராக என் வேனில் ஏறி உட்கார்ந்தேன். தம்பியிடம் பிக்கப்பை எதிரே நிறுத்தி விளக்கைப் போடச் சொன்னேன். போட்டார். என் கண்ணாடி வெளுத்தது. இப்போது எனக்குப் பயம் இல்லை, ஆத்திரம்தான். வெளிப்பக்கம் தினமும் கழுவுகிறேன். அப்படியானால் உள்பக்கம். கண்ணாடியின் அடியில், துண்டு எட்டாத மூலையில் விரலை வைத்து இழுத்தேன். விரல் வழுக்கவில்லை, லேசாக ஒட்டியது. விரல் நுனி பழுப்பாக இருந்தது. என்ன எண்ணெய் இது என்று மூக்கருகே கொண்டுபோனேன்.

சாம்பிராணி.

மாதக்கணக்கில் மூடிய வேனுக்குள் நின்ற புகை. பிசின் பிசினாகக் கண்ணாடியில் படிந்ததை, நான் தினமும் ஈரத்துண்டால் ஒழுங்காக எல்லாப் பக்கமும் பூசிவிட்டிருக்கிறேன். பகலில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. எதிரே வெளிச்சம் விழுந்தால் மொத்தமும் வெள்ளை. ஊரார் வண்டியில் தொங்கும் பொம்மையைக் கண்டுபிடித்தவள், என் மூக்குக்கு முன்னால் இருந்ததைச் சாமி வாசம் என்று மோந்துகொண்டு ஓட்டியிருக்கிறேன்.

பாத்திரம் கழுவும் சோப்பையும் வெந்நீரையும் கொண்டுவந்து, கண்ணாடியில் என் பக்கத்துப் பாதியை மட்டும் உள்ளே தேய்த்துக் கழுவினேன். துணி டீத் தண்ணி நிறத்துக்கு வந்தது. மறுபாதியைத் தொடவில்லை. தம்பியை விட்டுத் தலைவியம்மாவைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் வந்தார். டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். பனி இன்னும் விலகவில்லை. "எதுக்க இருக்கிற லைட்டப் பாருங்க. முதல்ல இந்தப் பக்கம், அப்புறம் அந்தப் பக்கம்."

அவர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம். "ஐயோ கடவுளே" என்றார். "இத வச்சிக்கிட்டா ஓட்டுனீங்க?"

"கூடம்தான் கோணல்" என்றேன். விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அவர் சிரித்தார். துணியை வாங்கி மோந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணனுக்குத் தெரியுமா?"

அண்ணன் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்கிறார். கையில் பால்மாவு டின், கரி இன்னும் மூட்டவில்லை. "என்ன, எல்லாரும் இங்க நிக்கிறீங்க? என்ன கோளாறு?" என்றார்.

புளோவர் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். தம்பியும் தலைவியம்மாவும் என் முகத்தைப் பார்த்த பார்வையில், அப்படித்தான் சொல்வேன் என்று எதிர்பார்த்தது தெரிந்தது. ஆனால் மறுநாளும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு டின்னோடு உள்ளே உட்காருவாரே? அதோடு, வண்டி விஷயத்தில் அவரிடம் நான் என்றைக்கும் பொய் சொன்னதில்லை. கிட்டே போய்த் துணியை அவர் கையில் கொடுத்தேன்.

"கண்ணாடிக்கு உள்ள இருந்து தொடச்சதுங்க."

அவர் விரலால் தேய்த்துப் பார்த்தார். மோந்தார். முகம் அப்படியே நின்றுவிட்டது. சாமிக்குப் போடுகிற புகையில் குற்றம் சொல்கிறாயா என்று கத்துவார் என்று நினைத்தேன். அல்லது வண்டிப் பக்கமே வரமாட்டேன் என்று உள்ளே போய்விடுவார் என்று. அவர் கேட்டது வேறு.

"அப்ப உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல?"

"இல்லீங்க. தம்பி பிக்கப்ப ஓட்டிப் பாத்தேன். வட்டமே இல்ல."

"கண்ணுக்கு ஒண்ணுமே இல்ல?"

"இல்ல."

டின்னைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பழுப்புத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். லோரிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. தலைவியம்மா போர்வையை இழுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்து தம்பியோடு போய் நின்றார். நான் என் வீட்டுக்காரர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மீதி எந்தப் பக்கம்?" என்றார். காட்டினேன். வெந்நீரையும் சோப்பையும் வாங்கிக்கொண்டு வேனுக்குள் ஏறினார். உள்ளங்கையால் தடவித் தடவி, ஒட்டுகிற இடத்தை எல்லாம் தேய்த்தார். மூலை, விளிம்பு, ரப்பர் ஓரம், நான் முடித்த பாதியையும் நம்பாமல் மறுபடி தேய்த்தார். கடைசியில் காய்ந்த துணியால் துடைத்தபோது கண்ணாடி கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டது.

பிறகு டிரைவர் சீட்டில் நேராக உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். எதிரே பிக்கப்பின் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதையே கண் கொட்டாமல் பார்த்தார்.

"எனக்கு அதே வெள்ளைதான்" என்றார். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. "நீ ஏறிப் பாரு."

அவர் இறங்கிக்கொள்ள, நான் ஏறினேன். இரண்டு விளக்கு தெரிந்தது. அவற்றுக்கு நடுவே நம்பர் பிளேட் தெரிந்தது. பிக்கப் கண்ணாடியின் மூலையில் கல்லடி பட்ட நட்சத்திரம் தெரிந்தது. அதற்குப் பின்னால் பேட்டரி தீர்ந்துவிடுமே என்ற கவலையோடு நிற்கும் தம்பியின் முகமும் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவருக்குச் சொன்னேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"திங்கக்கெழம எப்பக் கெளம்பற?" என்று கேட்டார்.

நான் தலைவியம்மாவைப் பார்த்தேன். அவர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, போ போ என்பது போல் வீசினார்.

"எப்பவும் போலத்தான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் கீழே குனிந்து தடவி டின்னை எடுத்தார். கரி மூட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, நடந்து போய் வேனின் கதவுகளை ஒவ்வொன்றாக அகலத் திறந்து வைத்தார்.